பலகையில் இரண்டு பிழை

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் நான் கத்துவது உனக்குக் கேட்பதில்லை, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுகிறது. ஆகவே நீ சொன்னபடி கடிதமே எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டு அனுப்பினார்கள். தெரு முழுக்கப் பால் ஊற்றியதுபோல் தெரிந்தது. நம் வீட்டு வாசலில் கூட்டம். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடினேன். வீட்டில் இருப்பது நான் ஒருவன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது கிட்டே போன பிறகுதான் உறைத்தது.

ஊர் வரலாற்றுச் சங்கத்தார் எட்டுப் பேர் ஏணியோடும் துளை போடும் மெஷினோடும் வந்திருந்தார்கள். நம் வாசல் சுவரில் ஒரு பித்தளைப் பலகை. அதில் எழுதியிருப்பது இது: 'இவ்வூரின் நூற்றுக்கணக்கான குழந்தைகளை ஏந்தித் தந்த மருத்துவச்சி பெட்டியம்மா இந்த வீட்டில் வாழ்ந்தார்.'

பெட்டியம்மா நம் வீட்டில் எப்போது வாழ்ந்தார்? தப்பு என்னுடையது. போன மாதம் டீக்கடையில் சங்கத்தின் செயலாளர் என்னைப் பிடித்தார். ரிட்டயர்ட் பஸ் கண்டக்டர், ஊரில் எல்லாருக்கும் 'விசில்'. "நம்பர் சார், பெட்டியம்மா வீடு பதினாலுதானே?" என்றார். "பதினாலேதான். சந்தேகமே வேண்டாம்" என்றேன். நான் சொன்னது பழைய எண். நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்து பெயின்ட் டப்பாவோடு நானே தெருத் தெருவாகப் போய்ப் புது எண் எழுதியவன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் என் மண்டைக்குள் இன்னும் பழைய எண்கள்தான் ஓடுகின்றன. பெட்டியம்மாவின் பழைய பதினாலு இன்றைக்கு முப்பத்தொன்று, எட்டு வீடு தள்ளி எதிர்வரிசையில். நம் பழைய ஆறுதான் இன்றைக்குப் பதினாலு.

அங்கேயே சொல்லியிருக்கலாம். விசில் பலகையைத் தொட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவர் பிறந்தது பெட்டியம்மா கையில். என் கையைப் பிடித்து, "இத்தனை வருஷம் இந்த வீட்டைப் பாதுகாத்தீங்களே சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றது" என்றார். நான் ஏணியை மடக்கப் போய்விட்டேன்.

இப்போது எப்படிச் சொல்வது? உனக்குப் பெட்டியம்மாவை நினைவிருக்கிறதா?

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. புது மாத்திரை கொடுத்தார்கள். வலி குறையவில்லை, தூக்கம் மட்டும் வருகிறது. தூங்கும்போது வலி தெரியாதாம், அதுதான் வைத்தியம் போலும். உன் மருமகள் ஆபீஸில் பதவி உயர்வு வாங்கியிருக்கிறாள். வீட்டில் என்னை அதிகாரம் செய்வதற்குப் பயிற்சி எடுத்ததன் பலன்.

கண் மருந்தை வேளை தவறாமல் விடு. ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக நடந்து வராதே.

எண் விஷயம் சிரிப்பாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஊர் முழுக்க எண் போட்டவனுக்கு ஒரு வீட்டு எண்ணைச் சொல்லத் தெரியவில்லை. உடனே சொல்லிவிடு. தள்ளிப்போட்டால் ஆணி துருப்பிடித்துவிடும், பிறகு பிடுங்க வராது.

பலகையில் அவள் படம் போட்டிருக்கிறார்களா? எழுத்து எவ்வளவு பெரிது?

இப்படிக்கு,
அக்கா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இரண்டாம் தடவை கண் பார்த்தார்கள். வலது கண் தேவலை, இடது கண் என்னைப் போல, சொன்னால் கேட்பதில்லை.

படம் இல்லை. பெட்டியம்மா படம் யாரிடமும் கிடைக்கவில்லையாம். எழுத்து ஒரு விரல் உயரம்.

நான் இன்னும் சொல்லவில்லை. திட்டாதே, முழுக்கப் படி. உனக்கு முதல் கடிதம் போட்ட மறுநாளே ஒருவர் வந்தார். கிரேன் ஓட்டுகிறவராம், நாற்பத்தொன்பது வயது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைத் தொட்டு நின்றார். தண்ணீர் கொடுத்தேன். தான் பிறந்தபோது மூச்சில்லாமல் இருந்ததாகவும் பெட்டியம்மா கால் மணி நேரம் விடாமல் முதுகைத் தட்டியதாகவும் சொன்னார். "அவ்வளவு நேரம் யாரு சார் நமக்காக மெனக்கெடுவாங்க?" என்றார்.

அப்புறம் அடிக்கடி யாராவது வருகிறார்கள். இரட்டைச் சகோதரிகள் இரண்டு பேர் வந்து யார் முதலில் பிறந்தது என்று வாசலிலேயே சண்டை போட்டார்கள். "அம்மா நான்தான்னு சொன்னாங்க." "உன்கிட்ட அப்படிச் சொன்னாங்க, என்கிட்ட என்னைச் சொன்னாங்க." நான் பழைய வரி வசூல் பேரேடு ஒன்றை எடுத்து ஒவ்வொருவர் சொல்வதையும் எழுதி வைக்கிறேன். இதுவரை இருபத்தேழு பேர்.

ஒரு பள்ளித் தலைமையாசிரியர், "நான் இந்த வீட்டிலேயே பொறந்தேன்னு சொல்வாங்க, எந்த அறை?" என்றார். அந்தக் காலத்தில் சிலர் பெட்டியம்மா வீட்டுக்கே போய்ப் பெற்றுக்கொள்வார்கள். என்னையறியாமல் நம் கூடத்தைக் காட்டிவிட்டேன். அவர் அரை மணி நேரம் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தார்.

என் மனைவி போன பிறகு இந்த வீட்டில் இரண்டாவது டம்ளர் எடுத்ததே இல்லை, அக்கா. இப்போது டம்ளர் போதவில்லை. சங்கத்தில் என்னை உறுப்பினராகவும் சேர்த்துவிட்டார்கள். பொய் என்று தெரிகிறது. விட மனம் வரவில்லை.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

நான் நலம். கடிதம் வந்து ஒரு மாதம் ஆயிற்று, பதில் எழுத உட்காரவில்லை.

பெட்டியம்மா வீட்டு வாசல் தெற்குப் பார்த்தது. நம்முடையது வடக்கு. அவள் வாசலில் இரண்டு படி. இரண்டாவது படியின் ஓரம் உடைந்திருக்கும். நன்றி சொல்ல வருகிறவர்கள் அந்தப் படியில் நிற்க வேண்டும். அவர்களைத் தப்பான வாசலில் நிறுத்தாதே.

அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி? கடிதம் இவ்வளவு சிறியதாக வந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. திட்டுவதானாலும் நீட்டித் திட்டு.

உன் கடிதம் வந்த அன்றே முப்பத்தொன்றாம் எண்ணுக்குப் போனேன். ஒரு தையல்காரம்மா வாங்கிக் குடியிருக்கிறார். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற பருவம், வீடு முழுக்க நீலத் துணி. மெஷின் சத்தத்தில் பேசிப் பேசிக் குரல் அப்படியே உரத்துவிட்டது போலும், மெஷின் நின்ற பிறகும் கத்தித்தான் பேசுகிறார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப இத்தனை நாளா என் வீட்டுக்கு வர வேண்டிய கூட்டமா உங்க வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கு?"

"ஆமாம்மா. தப்பு என்மேலதான்."

"நல்லவேளை. ஜூன் வரைக்கும் நீங்களே வச்சுக்குங்க. முந்நூறு சட்டை பாக்கி இருக்கு."

இரண்டு படி இருக்கிறது. இரண்டாவது படியின் ஓரம் உடைந்துதான் இருக்கிறது. ஐந்து தடவை சிமென்ட் பூசினாராம், நிற்கவில்லையாம்.

வீட்டை வாங்கியபோது பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்ததாம். அதில்தான் பொத்தானும் ஜிப்பும் போட்டு வைத்திருக்கிறார். அடியில் நாலு பழைய நோட்டு இருக்கிறதாம். "எடுத்துக்கிட்டுப் போங்க, பொத்தானை மட்டும் கொட்டிடாதீங்க" என்றார். நான் எடுக்கவில்லை. முதலில் சங்கத்தில் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும் என்று பட்டது. வரும் ஞாயிறு கூட்டம்.

ஒன்று கேட்கிறேன். அந்தப் படி உனக்கு எப்படித் தெரியும்? அந்த வீட்டுப் பக்கமே போகக் கூடாது என்று அப்பா நமக்கு உத்தரவு போட்டிருந்தாரே.

தம்பி

மே 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. பரவாயில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சங்கம் கூடுவது டயர் கடை மாடியில். ரப்பர் வாசனை, ஒரு மேஜை, பத்து நாற்காலி, அதில் மூன்று ஆடும். நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையில் சொன்னது, வாயை மூடிக்கொண்டிருந்தது, தலைமையாசிரியருக்குக் கூடத்தைக் காட்டியது. உறுப்பினர் பதவியை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

விசில்தான் முதலில் வாய் திறந்தார். "நாப்பது வருஷம் பஸ்ல இருந்தேன். ஸ்டாப் மாறி எறங்கினவனைத் திரும்பக் கூட்டிட்டு வந்து விடறதுதான் வழக்கம், யாரையும் பஸ்ஸை விட்டுத் தள்ளினதில்லை. உக்காருங்க." தலைவரான பல் டாக்டர், "கேட்டப்ப பழசா புதுசான்னு கேக்காதது நம்ம தப்பும்தான்" என்றார். இனி சங்கத்தின் எந்தக் காகிதத்திலும் பழைய எண், புது எண் இரண்டும் எழுதாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. பேரேட்டில் இருந்தவர்களுக்கெல்லாம் பிழை திருத்தம் என்று தலைப்புப் போட்டுக் கார்டு எழுதினேன். நாற்பத்திரண்டு கார்டு. தலைமையாசிரியர் மட்டும் பதில் போட்டார்: 'உங்கள் கூடத்தில் உட்கார்ந்த அரை மணி நேரத்தைத் திருப்பித் தர வேண்டாம்.' அக்கா, நான் எவ்வளவு கொடுத்து வைத்தவன்.

பிறகு நோட்டுகளை எடுத்து வந்தேன். ஒவ்வொரு பிறப்புக்கும் தேதி, வீட்டு எண், நேரம், கடைசியில் 'தாயும் சேயும் நலம்'. பெயர்கள் இல்லை. எண் மட்டும்தான். எல்லாம் பழைய எண். அதனால் எந்த வீடு என்று சொல்ல ஊரில் என்னைவிட்டால் ஆளில்லை. நான் ஒவ்வொன்றாகப் படிக்க, அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாவது நோட்டில் ஒரு பக்கத்தை நான் படிக்கவில்லை. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டது என்று சொல்லிப் புரட்டிவிட்டேன். எண் ஆறு, நம் பழைய எண். அதில் 'தாய் நலம்' என்று மட்டும் இருந்தது.

நீ எதுவும் எழுத வேண்டியதில்லை. முழங்காலைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 28

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கண் எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் சுகம். அம்மாவும் சுகம்தான், ஆனால் உங்கள் கடைசிக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறார். "மாமா என்ன எழுதியிருக்கார்?" என்றால், "ஒரு எண்ணு" என்கிறார். நேற்று கோடு போட்ட நோட்டு வாங்கி வரச் சொன்னார். "அத்தனை பக்கம் என்னம்மா எழுதப் போறே?" என்றேன். "தப்பா எழுதினா கிழிக்கணுமில்ல" என்றார். கிழித்தே பாதி நோட்டுக் காலி. உங்களுக்கு ஏதாவது புரிகிறதா?

உங்கள் மருமகள்

ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்காலைப் பற்றி இந்தத் தடவை எழுதவில்லை.

நான் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது உன்னைப் பத்து நாள் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். நீ திரும்பி வந்தபோது எனக்குக் காய்ச்சல் என்றார்கள். நீ எதுவும் கேட்கவில்லை. உனக்குப் பன்னிரண்டு வயது. கேட்கக் கூடாது என்று மட்டும் தெரிந்துகொண்டிருந்தாய்.

தலைமையாசிரியரிடம் நீ கூடத்தைக் காட்டியது முழுப் பொய் இல்லை. பெட்டியம்மா கையில் நம் வீட்டிலும் ஒரு பிறப்பு நடந்தது. கூடத்தில் இல்லை, பின்னறையில். ஆண் குழந்தை. அழவே இல்லை. எனக்கு இரத்தம் நிற்கவில்லை. அன்றைக்கு மழையில் பாலம் முழுகி வண்டி எதுவும் போகவில்லை. மூன்று நாள் அவள் என் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. என் வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் எனக்குக் கஞ்சி ஊட்டினாள். நாலாம் நாள் நான் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டேன்.

அப்பா வாசலில் நின்று, "புள்ளையத் தொலைச்சுட்டா, இனிமே இந்தப் பக்கம் வரக் கூடாது" என்றார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அப்பா கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். அவருக்கு யாரையாவது குறை சொல்ல வேண்டியிருந்தது. அத்தான் வந்து என்னைக் கூட்டிப் போனார். அவரும் நானும்கூட இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. மகளுக்கும் தெரியாது.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பா வேலைக்குப் போனதும் அவள் வீட்டுக்குப் போனேன். எட்டு வீட்டுத் தூரத்துக்கு நாலு தடவை சுவரைப் பிடித்து நின்றேன். நன்றி சொல்லத்தான் போனேன். அவள் கதவைத் திறந்தாள். எனக்கு அழுகை வந்ததே தவிரப் பேச்சு வரவில்லை. அவள் சொன்னது இவ்வளவுதான்: "பாத்து வா, படி ஒடைஞ்சிருக்கு." நான் படி ஏறினேன், உள்ளே போகவில்லை. திரும்பி வந்துவிட்டேன். ஐம்பத்து நாலு வருஷம் ஆகிறது.

உங்கள் பலகையில் இரண்டு பிழை. ஒன்று எண். அதை நீ திருத்திவிட்டாய். இன்னொன்று, அவள் குழந்தைகளை மட்டும் ஏந்தியதாக எழுதியிருக்கிறீர்கள். பிழைத்த தாய்மார்களையும் எழுதச் சொல். என் பெயர் வேண்டாம்.

அந்தப் பக்கத்தை நீ புரட்டினாயே, அதற்கு உனக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அக்கா

ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பின்னறையில் உட்கார்ந்து படித்தேன்.

கூட்டத்தில் புது வாசகத்தைச் சொன்னேன். "யாரு சொன்ன திருத்தம் சார்?" என்றார் விசில். "உறுப்பினர் இல்லாத ஒருத்தர்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேலே கேட்கவில்லை. பஸ்ஸில் யார் எங்கே இறங்குகிறார்கள் என்று பார்த்துப் பழகிய கண். ஆனால் வாசகத்தில் ஒரு சந்தேகம் கிளப்பினார்.

"பிழைத்தவர்னு போட்டா, தப்புப் பண்ணவங்கன்னு யாராவது படிச்சுட மாட்டாங்களா?"

"படிக்கட்டும். நானும் ஒருத்தன் இருக்கேனே" என்றேன். டயர் கடைக்காரர் கீழேயிருந்து என்ன சத்தம் என்று எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள்.

பலகை போன ஞாயிறு முப்பத்தொன்றாம் எண்ணுக்குப் போய்விட்டது. இப்போது இப்படி இருக்கிறது: 'மருத்துவச்சி பெட்டியம்மா இந்த வீட்டில் வாழ்ந்தார் (பழைய எண் 14, புதிய எண் 31). இவர் கையில் பிறந்தவர்கள் பலர். இவர் கையால் பிழைத்தவர்களும் உண்டு.' தையல்காரம்மா பலகையைத் துடைக்கத் தனியாக ஒரு நீலத் துணி வைத்திருக்கிறார். படியைச் சங்கமே சரிசெய்து தரும் என்றார் பல் டாக்டர். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். உன் கடிதம் வந்த பிறகு அந்த நோட்டை மறுபடி எடுத்தேன். அன்று அவசரமாகப் புரட்டியதால் கவனிக்கவில்லை. 'தாய் நலம்' என்பதற்குக் கீழே வேறு மையில் ஒரு வரி இருக்கிறது. இருபத்திரண்டு நாள் கழித்துத் தேதி போட்டிருக்கிறார். 'தானே நடந்து என் படி ஏறி வந்தாள்.' அவ்வளவுதான். நோட்டு நாலிலும் பிறப்பைத் தவிர வேறு எதையும் அவர் எழுதவில்லை, அக்கா. இந்த ஒரு வரிதான்.

நம் சுவரில் நாலு ஓட்டை மிச்சம். பூசவில்லை. வழி தவறி வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். தண்ணீர் கொடுத்து எதிர்வரிசையைக் காட்டி அனுப்புகிறேன்.

நீ வருகிறாயா? ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைக்கிற தேதி பார்த்து வைத்திருக்கிறேன்.

தம்பி

செப்டம்பர் 17

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சுகமாக வந்து சேர்ந்தேன். ஸ்டேஷனுக்கு உன் மருமகள் வந்திருந்தாள். வழியிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன். காரை ஓரமாக நிறுத்திவிட்டாள். பிறகு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தோம்.

பத்து நாள் என்னை வைத்துப் பார்த்துக்கொண்டாய். டீயில் சர்க்கரை கூடத்தான், ஆனாலும் தினமும் நீயே போட்டுக் கொடுத்தாய். மகராசனாக இரு.

என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லையே என்று கிளம்பும்போது வருத்தப்பட்டாய். நான் போனேன். நீ கண் ஆஸ்பத்திரிக்குப் போன அந்த மதியம், தடியை ஊன்றிக்கொண்டு தனியாகப் போனேன். சுவரைப் பிடித்து நின்றது இரண்டே தடவை. பலகையைப் படித்தேன். எழுத்து நீ சொன்னபடி ஒரு விரல் உயரம்தான், கண்ணாடி இல்லாமலே படிக்க முடிந்தது.

முதல் படி ஏறினேன். உள்ளே மெஷின் நின்றது. தையல்காரம்மா வாயில் நூலோடு எட்டிப் பார்த்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. அவள் குரல் என் காதுக்கே தெளிவாக விழுந்தது.

"பாத்து வாங்கம்மா, படி ஒடைஞ்சிருக்கு!"

இரண்டாவது படியும் ஏறி நின்று, "ரொம்ப நன்றிம்மா" என்றேன்.

"படியைச் சொன்னதுக்கா?" என்று சிரித்தாள்.

"ஆமாம்" என்றேன். உள்ளே போய் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இனி அந்தப் படியைச் சரிசெய்யச் சொல். வயதானவர்கள் வருவார்கள்.

இப்படிக்கு,
அக்கா